திட்ட மேலாண்மைச் சான்றிதழ்: எதைத் தேர்ந்தெடுப்பது, நிறுவனத்திடம் எதைக் கேட்பது

திட்ட மேலாண்மையில் சான்றிதழ் பெற எண்ணுவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு தொடங்குகிறார்கள்: எந்தச் சான்றிதழ் நல்லது, அதற்கான செலவை வேலை பார்க்கும் நிறுவனம் ஏற்குமா. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் ஒரு நிறுவனம் செய்யக்கூடிய உதவிகளில் கட்டணத்தைச் செலுத்துவதுதான் மிக எளிது. படிப்பதற்கான நேரம், விண்ணப்பத்தில் எழுதத் தகுந்த பணி அனுபவம், அந்த அனுபவம் உண்மை என்று கையெழுத்திடும் மேலாளர் ஆகிய மூன்றும் அதைவிடப் பெரியவை. கட்டணம் கிடைத்தும் இந்த மூன்றும் கிடைக்காதவர்கள் தேர்வு வரை போகாமலேயே நின்றுவிடுவதுண்டு. ஆகவே, புதிதாக இந்தத் துறைக்குள் வருவோர் எதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சான்றிதழ் எதற்குப் பயன்படும்

முதலில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. சான்றிதழ் ஒருவரை நல்ல தலைவராக ஆக்கிவிடாது. கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதை எந்தத் தேர்வும் முழுமையாகக் கற்றுத்தராது. அது செய்வது வேறு. விண்ணப்பங்களை வடிகட்டும் இடத்தில் பெயர் தங்குகிறது. சில ஒப்பந்தப் பணிகளில், சான்றிதழ் பெற்ற திட்ட மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரே நிபந்தனை வைப்பதால், நிறுவனத்துக்கும் அது தேவைப்படுகிறது. இவற்றைவிட முக்கியமாக, அன்றாடம் நடக்கும் குழப்பங்களைப் பேசுவதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு முறை கைக்கு வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2,000 மணி நேர வேலை என்று மதிப்பிடப்பட்ட ஒரு பணியில், இதுவரை 400 மணி நேரத்துக்கு உரிய வேலை முடிந்திருக்கிறது. ஆனால் செலவானதோ 500 மணி நேரம். முறையாகப் படிக்காதவர் கூட்டத்தில் "கொஞ்சம் பின்தங்கியிருக்கிறோம், பிடித்துவிடலாம்" என்பார். ஈட்டிய மதிப்பு என்ற கணக்கைப் படித்தவர் 400-ஐ 500-ஆல் வகுத்து, செயல்திறன் 0.8 என்று கண்டு, இதே போக்கு நீடித்தால் முழுப்பணிக்கும் 2,500 மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்வார். ஐந்தில் ஒரு பங்கு வேலை முடிந்த கட்டத்திலேயே இந்த எச்சரிக்கை வருவதால், வேலையின் அளவைக் குறைப்பதா, ஆளைக் கூட்டுவதா, காலக்கெடுவைத் தள்ளுவதா என்று முடிவெடுக்க மேலிடத்துக்கு நேரம் கிடைக்கிறது. படிப்பின் பயன் பெரும்பாலும் இத்தகைய சிறு இடங்களில்தான் தெரியும்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சான்றிதழ் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று காட்டும் ஒப்பீடுகளைப் பயிற்சி நிலையங்கள் விளம்பரத்தில் போடுகின்றன. ஆனால் மூன்றாண்டு, ஐந்தாண்டு அனுபவம் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும் என்ற சான்றிதழை வைத்திருப்போர், அந்த அனுபவத்துக்காகவே கூடுதலாகச் சம்பாதிக்கிறவர்களாகவும் இருக்கலாம். எனவே அந்த எண்களை நம்பிக் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பெயர்கள் பல இருந்தாலும், ஒருவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. (திட்ட மேலாண்மை நிறுவனம்) என்ற அமைப்பு 1984 முதல் வழங்கிவரும் பி.எம்.பி. (திட்ட மேலாண்மை வல்லுநர்) சான்றிதழே உலக அளவில் அதிகம் அறியப்பட்டது. நான்காண்டுப் பட்டம் உள்ளவர்கள் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவத்தையும், பள்ளிப் படிப்போடு நிற்பவர்கள் 60 மாத அனுபவத்தையும் காட்ட வேண்டும். இருவருக்கும் 35 மணி நேர முறையான பயிற்சியும் தேவை. பதவியின் பெயர் திட்ட மேலாளர் என்றே இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செய்த வேலைதான் கணக்கு. இவ்வளவு அனுபவம் இல்லாதவர்களுக்கு அதே அமைப்பு சி.ஏ.பி.எம். என்ற தொடக்கநிலைச் சான்றிதழை வைத்திருக்கிறது. அதற்குப் பள்ளிப் படிப்பும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும். பின்னாளில் பி.எம்.பி.க்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழ் அந்த 35 மணி நேரப் பயிற்சிக்கு ஈடாக ஏற்கப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிரிட்டன் அரசுத் துறைகளில் பிறந்து, 1996-இல் இன்றைய பெயரைப் பெற்ற பிரின்ஸ் 2 இன்னொரு வழி. அது ஒரு குறிப்பிட்ட செயல்முறையைப் பின்பற்றக் கற்பிக்கிறது. யார் எந்த முடிவை எடுப்பது, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தொடர்வதா நிறுத்துவதா என்பவை அதில் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. அடிப்படை நிலைத் தேர்வுக்கு முன் அனுபவம் எதுவும் தேவையில்லை. பிரிட்டனிலோ அந்த முறையைப் பின்பற்றும் அரசு சார்ந்த பணிகளிலோ வேலை தேடுவோருக்கு இது நேரடியாக உதவும். அந்த முறையையே அறியாத நிறுவனத்தில் இதன் எடை குறைவு. ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஐ.பி.எம்.ஏ. (பன்னாட்டுத் திட்ட மேலாண்மைச் சங்கம்) அமைப்பு டி முதல் ஏ வரை நான்கு நிலைகளை வைத்திருக்கிறது; மேல்நிலைகளில் எழுத்துத் தேர்வோடு விடாமல் நேர்காணல் வழியாகவும் அனுபவத்தை மதிப்பிடுகிறார்கள்.

மென்பொருள் குழுக்களில் இருப்போர், வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்து முடிக்கும் ஸ்க்ரம் என்ற முறைக்கான சான்றிதழ்களைப் பற்றிக் கேட்பார்கள். அவற்றில் இரண்டு அமைப்புகளின் சான்றிதழ்கள் பெயரளவில் ஒன்றுபோல் தோன்றினாலும் விதிகள் வேறு. ஸ்க்ரம் அலையன்ஸ் அமைப்பின் சி.எஸ்.எம். பெறக் கட்டாயமாக வகுப்பில் சேர வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஸ்க்ரம் டாட் ஆர்க் அமைப்பின் பி.எஸ்.எம். முதல் நிலைக்கு வகுப்பு கட்டாயமில்லை, புதுப்பித்தலும் இல்லை. ஆனால் 60 நிமிடத்தில் 80 கேள்விகளுக்கு விடையளித்து 85 விழுக்காடு பெற வேண்டும். கையில் பணம் குறைவாகவும் சொந்தமாகப் படிக்கும் பழக்கமும் உள்ளவருக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் கருத்து.

முடிவெடுப்பதற்கு முன் ஓர் எளிய வேலையைச் செய்யுங்கள். அடுத்து நீங்கள் அடைய விரும்பும் பதவிக்கான வேலை விளம்பரங்களில் இருபதைத் திரட்டி, எந்தச் சான்றிதழ் எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நண்பர்களின் பரிந்துரையைவிட அந்த எண்ணிக்கை நம்பகமானது. கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் வழங்கும் அமைப்பின் இணையதளத்தையே பார்க்க வேண்டும்.

அனுபவத்தை இன்றே எழுதத் தொடங்குங்கள்

பி.எம்.பி. விண்ணப்பத்தில் பலர் தடுமாறும் இடம் அனுபவப் பகுதிதான். மூன்றாண்டுக்கு முன் முடிந்த ஒரு பணியின் நோக்கம், உங்கள் பங்கு, பொறுப்புகள், விளைவு ஆகியவற்றைச் சில பத்திகளில் எழுதச் சொல்வார்கள். அப்போது பழைய மின்னஞ்சல்களைத் தேடி உட்கார நேரிடும். ஒரே காலத்தில் இரண்டு பணிகளைக் கவனித்திருந்தாலும் அந்த மாதங்கள் ஒருமுறைதான் எண்ணப்படும் என்பதால், தேதிகளும் துல்லியமாகத் தேவை. விண்ணப்பிக்க இன்னும் இரண்டாண்டு இருக்கிறது என்றாலும், ஒவ்வொரு பணியும் முடிந்த வாரத்திலேயே அரைப் பக்கக் குறிப்பு எழுதி, அப்போதைய மேலாளரின் பெயரையும் அவருடைய சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இரகசிய விவரங்கள் அந்தக் குறிப்பில் இடம்பெறக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எழுதும் விதமும் முக்கியம். "கிடங்கு மென்பொருளை மாற்றும் பணியில் குழுவோடு இணைந்து செயல்பட்டு வெற்றிகரமாக முடித்தேன்" என்ற வாக்கியத்தில் எழுதியவர் என்ன செய்தார் என்பதே தெரியவில்லை. "கிடங்கு மென்பொருளை மாற்றும் பணியில் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குக் கால அட்டவணை தயாரித்தேன், பழைய தரவை மாற்றுவதில் உள்ள இடர்களைப் பதிவேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை நியமித்தேன், பணியின் எல்லையில் பயனர் துறை கேட்ட இரண்டு மாற்றங்களை மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவின் முன் வைத்து, ஒன்றை அடுத்த கட்டத்துக்குத் தள்ள ஒப்புதல் பெற்றேன்" என்று எழுதினால், படிப்பவருக்கு ஆளும் வேலையும் கண்முன் நிற்கும்.

விண்ணப்பங்களில் சிலவற்றை பி.எம்.ஐ. தணிக்கைக்கு எடுக்கும். அப்போது பட்டத்தின் நகல், பயிற்சிச் சான்று ஆகியவற்றோடு, எழுதிய ஒவ்வொரு பணிக்கும் அதை நேரில் அறிந்த ஒருவரின் கையெழுத்தையும் 90 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். சண்டையிட்டு விலகிய மேலாளரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே அவரவரிடம் பேசி, எழுதியதைக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிடுவது மரியாதையும்கூட. அனுபவத்தை நாங்களே எழுதித் தருகிறோம், தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று சொல்லும் பயிற்சி நிலையங்களின் பக்கமே போக வேண்டாம். பொய்யான விவரம் கண்டுபிடிக்கப்பட்டால் நிற்பது நீங்கள்தான், அவர்கள் அல்ல.

நிறுவனத்திடம் எப்படிக் கேட்பது

பலரும் மனிதவளத் துறைக்கு ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பி, "கொள்கையில் இடமில்லை" என்ற ஒரு வரிப் பதிலைப் பெற்று, அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த வரிசை தவறு. முதலில் நிறுவனத்தின் பயிற்சிக் கொள்கையை முழுவதுமாகப் படியுங்கள். பட்டப்படிப்புக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறதா, தொழில்முறைச் சான்றிதழையும் சேர்த்திருக்கிறதா, முன்பணமா அல்லது தேர்ச்சிக்குப் பின் திருப்பித் தருவதா, ஆண்டு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். அடுத்து உங்கள் நேரடி மேலாளரிடம் வாய்மொழியாகப் பேசுங்கள். அவருடைய துறைக்கான பயிற்சி ஒதுக்கீட்டில் மீதி இருக்கிறதா என்பது மனிதவளத் துறையைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். நிதியாண்டின் கடைசி மாதங்களில் பல இடங்களில் அந்தப் பணம் செலவாகாமல் கிடக்கும், அல்லது முழுவதும் தீர்ந்திருக்கும். எனவே வரவுசெலவுத் திட்டம் தயாராகும் பருவத்துக்கு முன் பேசுவதே உகந்தது.

அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழுத்தில் போக வேண்டும். கோரிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"வரும் ஆண்டில் நம் குழு மூன்று பணிகளை ஒரே காலத்தில் நடத்தவிருக்கிறது, இப்போது ஒவ்வொரு பணியிலும் இடர்ப் பதிவேடு வெவ்வேறு வடிவில் இருப்பதால், மாதாந்திர ஆய்வுக்கு அவற்றை ஒன்று சேர்க்கவே ஒரு நாள் போகிறது. பி.எம்.பி. தேர்வுக்குத் தேவையான பயிற்சியை வார இறுதிகளில் முடித்துக்கொள்கிறேன். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு வாரம் மூன்று மணி நேரம் பணி நேரத்திலிருந்தும், தேர்வன்று ஒரு நாள் விடுப்பும், தேர்வுக் கட்டணமும் வேண்டுகிறேன். அந்த வாரங்களில் என் அறிக்கைப் பணியைப் பார்த்துக்கொள்ளக் குழுவில் ஒருவர் சம்மதித்திருக்கிறார். தேர்வு முடிந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று பணிகளுக்கும் பொதுவான பதிவேட்டை அமைத்துத் தருவேன்."

இதில் நிறுவனத்தின் சிக்கல் முதலில் வருகிறது, கேட்கும் உதவி அளவோடு இருக்கிறது, உங்கள் பங்கு தெரிகிறது, வேலை தடைப்படாது என்பதற்கு ஏற்பாடும் இருக்கிறது. "என் வளர்ச்சிக்கு உதவும்" என்ற வாக்கியத்தை எழுதவே வேண்டாம். அது உண்மைதான், ஆனால் கையெழுத்திடுபவர் தேடுவது அதை அல்ல. தேர்ச்சி பெற்றால் சம்பள உயர்வு வேண்டும் என்ற பேச்சையும் இந்தக் கோரிக்கையில் கலக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், பெரியதற்கு மறுப்புச் சொல்லும்போது சிறியதும் சேர்ந்தே போய்விடும்.

பணம் தர முடியாது என்றால் பேச்சு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த இடத்தில் பணமில்லாத உதவிகளைக் கேட்கலாம்: சிறு பணி ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை வழிநடத்தும் வாய்ப்பு, மூத்த திட்ட மேலாளர் ஒருவரோடு மாதம் ஒருமுறை பேசும் ஏற்பாடு, தேர்வு நெருங்கும் வாரங்களில் இரவுப் பணியிலிருந்து விலக்கு. அனுபவ மாதங்கள் குறைவாக உள்ளவருக்கு முதலாவது வாய்ப்பு, கட்டணத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. கட்டணத்தைச் சேமித்துக் கட்டிவிடலாம், அனுபவத்தை அப்படிச் சேர்க்க முடியாது.

மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் போய்விடுவார் என்ற அச்சம் இயல்பானதே. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் பழைய வேலையையே, பழைய விதத்திலேயே செய்யச் சொல்லும் இடத்தை விட்டுத்தான் ஆட்கள் முதலில் கிளம்புகிறார்கள். கற்றதைப் பயன்படுத்த ஒரு பணியை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது, எந்த ஒப்பந்தத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

கட்டணத்தை ஏற்கும் நிறுவனங்கள் பல, குறிப்பிட்ட காலம் வேலையில் நீடிக்க வேண்டும், இல்லையேல் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கும். பேச்சுவழக்கில் பாண்டு என்பது இதைத்தான். அதில் தவறில்லை, விவரங்களைத்தான் பார்க்க வேண்டும். காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? பணம் கட்டிய நாளா, தேர்ச்சி பெற்ற நாளா? இரண்டுக்கும் இடையே ஓராண்டு வித்தியாசம்கூட வரலாம். திருப்பித் தர வேண்டிய தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறதா, அல்லது கடைசி மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையா? நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் என்ன நடக்கும்? தேர்வில் தோற்றால் அந்தச் செலவு யாருடையது, மறுதேர்வுக் கட்டணம் உண்டா? உண்மையில் செலவான தொகைதானா, இல்லை அபராதமும் சேர்ந்ததா? மாதந்தோறும் குறையும் ஓராண்டு ஒப்பந்தம் நியாயமானது என்பேன். சில வாரப் படிப்புக்கு மூன்றாண்டு கேட்டால், சொந்தப் பணத்தில் படிப்பதே மேல்.

சான்றிதழ் எப்போதும் தேர்வு எழுதியவரின் பெயரில்தான் இருக்கும், வேலை மாறினாலும் அது உங்களோடு வரும். ஆகவே தேர்வு அமைப்பின் கணக்கை அலுவலக மின்னஞ்சலில் தொடங்காமல் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். வேலையை விட்ட மறுநாள் அலுவலக முகவரி மூடப்படும்.

படிப்பும் தேர்வும்

பி.எம்.பி. தேர்வில் 180 கேள்விகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். மனிதர்கள், செயல்முறை, வணிகச் சூழல் என்ற மூன்று பகுதிகளிலிருந்து கேள்விகள் வரும். 2021-இல் மாற்றப்பட்ட பாடத்திட்டத்திலிருந்து ஏறத்தாழ பாதிக் கேள்விகள் அஜைல் (வேலையைச் சிறு சுற்றுகளாகச் செய்து, இடையிடையே திட்டத்தை மாற்றிக்கொள்ளும் முறை) அல்லது அதை வழக்கமான திட்டமிடலோடு சேர்க்கும் கலப்பு முறை சார்ந்தவையாக அமைந்தன. கட்டுமானம், உற்பத்தி போன்ற துறைகளிலிருந்து வருவோர் இதை எதிர்பாராமல் திகைப்பதுண்டு. தேர்ச்சிக்கான மதிப்பெண் வெளியிடப்படுவதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை எழுதலாம்.

கேள்விகள் மனப்பாடத்தைவிட முடிவெடுக்கும் விதத்தையே சோதிக்கின்றன. எடுத்துக்காட்டாக: குழு உறுப்பினர் ஒருவர் சில வாரங்களாகத் தன் வேலையைத் தாமதமாக முடிக்கிறார், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அவருடைய துறைத் தலைவரிடம் புகார் செய்வது, வேலையை வேறொருவருக்கு மாற்றுவது, கால அட்டவணையைத் திருத்துவது, அவரிடம் தனியாகப் பேசிக் காரணத்தை அறிவது என்று நான்கு விடைகள் தரப்பட்டால், கடைசியே சரி. நெருக்கடியான அலுவலகங்களில் பல ஆண்டுகள் பழகியவர் கை தானாகவே இரண்டாவதை நோக்கிப் போகும். அனுபவசாலிகள் தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்; எனவே மாதிரித் தேர்வுகளில் தவறிய விடைகளை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஏன் தவறு என்று தன் சொற்களில் விளக்கிப் பார்ப்பது, மூன்றாவது புத்தகம் வாங்குவதைவிடப் பயன் தரும். வேலையோடு படிப்பவர்கள் இரண்டு முதல் மூன்று மாதம் ஒதுக்கித் திட்டமிடலாம். தேர்வுத் தேதியைத் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். தேதி இல்லாத படிப்பு நீண்டுகொண்டே போகும்.

தேர்ச்சிக்குப் பிறகு

பி.எம்.பி.யைத் தக்கவைக்க மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 பி.டி.யு. (தொழில்முறை வளர்ச்சி அலகு) புள்ளிகள் சேர்க்க வேண்டும், சி.ஏ.பி.எம்.மிற்கு 15 போதும். ஒரு மணி நேரக் கற்றல் ஒரு புள்ளி. 60-இல் குறைந்தது 35 கற்றலிலிருந்து வர வேண்டும். மற்றவர்களுக்குக் கற்பிப்பது, வழிகாட்டுவது, துறையில் வேலை பார்ப்பது ஆகியவற்றின் மூலம் மீதியைச் சேர்க்கலாம், ஆனால் வேலை பார்ப்பதற்கு மட்டும் எட்டுப் புள்ளிகளுக்கு மேல் கிடைக்காது. தவறினால் சான்றிதழ் ஓராண்டு இடைநிறுத்தப்படும். அதற்குள்ளும் சேர்க்காவிட்டால் மீண்டும் தேர்வுதான்.

இங்கும் நிறுவனத்தின் உதவிக்கு இடமுண்டு, அதுவும் செலவில்லாமல். அலுவலகத்தில் நடக்கும் பயிற்சிகளில் திட்டமிடல், பேச்சுவார்த்தை, தலைமை, வணிகம் சார்ந்தவை பலவும் கணக்கில் சேரும். இளையவர்களுக்கு நீங்கள் நடத்தும் வகுப்பும் சேரும். புதுப்பிப்புக் கட்டணத்தை ஏற்பீர்களா என்ற கேள்வியை, முதல் கட்டணத்தைக் கேட்கும் அதே கடிதத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், மூன்றாண்டு கழித்துப் புதிய மேலாளரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. புள்ளிகளை அந்தந்த வாரமே கணக்கில் பதிவு செய்து, பங்கேற்புச் சான்றை ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். இந்தக் கோரல்களும் தணிக்கைக்கு எடுக்கப்படுவதுண்டு.